திங்கட்கிழமைப் பல்

எக்ஸ்ரேயில் ஏதுங்க கலர்? நீங்களே சொல்லுங்கள். கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் நூறு தினுசுச் சாம்பல் உண்டு. அவ்வளவுதான். பல்லை எக்ஸ்ரே எடுத்தால் பச்சைக்கிளியா தெரியப்போகிறது? ஆனால் அந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு மானிட்டர் வாங்கப் போன மகராசன் கிளியைப் பார்த்துத்தான் வாங்கினான்.

நிஜமாகவே கிளிதான். ஷோரூம் சுவர் முழுக்கத் திரைகள். எல்லாத் திரையிலும் ஒரே கிளி, ஒரே நேரத்தில் சிறகடிக்கிறது. அதில் ஒரு திரையில் மட்டும் கிளியின் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்ததாம். "அடேங்கப்பா, எண்ணிடலாம் போல இருக்கே!" என்று வாயைப் பிளந்தவன், அதிலேயே ஆறு கொடுங்கள் என்று சொல்லிவிட்டான். வாங்கியவன் மேனேஜர். பெரிய டாக்டரின் மச்சான், அதாவது அவர் சம்சாரத்தின் தம்பி. மேனேஜர் ஆவதற்கு வேறு என்ன தகுதி வேண்டும்?

அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல். கேட்டான். "என்ன மாதிரி மானிட்டர் வேணும்னு எழுதிக் குடுங்கக்கா" என்றான். அவளும் உட்கார்ந்து, யோசித்து, ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். பளபளப்பான கண்ணாடி முகம் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் அதில் முகம் பார்க்கும். மங்கலான முகம் வேண்டும். சாம்பல் நிறங்களைக் கூட்டிக் குறைக்காமல் உள்ளது உள்ளபடி காட்ட வேண்டும். மருத்துவப் படத்துக்கென்றே மானிட்டர் இருக்கிறது, அதைக் கேளுங்கள். அளவு பெரிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்குவதற்கு முன்னால் நம்முடைய எக்ஸ்ரே படம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். இவ்வளவும் எழுதினாள். பத்து நாள் கழித்து அந்தத் தாளை வரவேற்பு மேஜையில் பார்த்தாள். பின்பக்கத்தில் யாருக்குக் காபி, யாருக்கு டீ என்று கணக்கு எழுதியிருந்தது. முன்பக்கத்தைப் படித்த அடையாளமே இல்லை.

அவளுக்கு அங்கே பூதக்கண்ணாடி என்று பேர். பெரியவர்கள் பூதக்கண்ணாடி என்பார்கள், சின்னவர்கள் பூதக்கண்ணாடியக்கா என்பார்கள். நானும் அக்கா என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கட்டடத்தில் வேலை. டோக்கன் எழுத வந்தவள்தான். வந்த மூணாவது மாசம் இருட்டறையில் ஃபிலிம் கழுவிக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "நீ கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்று அக்காவை உள்ளே தள்ளினார்கள். அந்தக் கொஞ்சம்தான் இருபத்திரண்டு வருஷமாக நீண்டுவிட்டது.

அப்போதெல்லாம் எக்ஸ்ரே என்றால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஃபிலிம். மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, கிளிப்பில் மாட்டி, ஈரம் சொட்டச் சொட்ட வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். மருந்துபட்டு அக்காவின் நகமெல்லாம் பழுப்பேறிப் போனது. கழுவிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று அவள் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபிலிமையும் அவளே பார்ப்பாள். சந்தேகம் இருந்தால் கவரின் மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். "புள்ளி இருக்கான்னு பாரு" என்பார் பெரிய டாக்டர். புள்ளி இருந்தால் ரெண்டாவது முறை உற்றுப் பார்ப்பார். அந்தக் காலத்துப் பெரிய டாக்டர் அப்படிப்பட்டவர். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் இல்லையா.

அக்காவிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. அதைச் சொன்னால்தான் மேற்கொண்டு கதை புரியும்.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் அவளுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றில் சொத்தை விழுந்தது. பெரிய டாக்டரே சுரண்டிச் சுத்தம் செய்து, வெள்ளிக் கலவை வைத்து அடைத்தார். "இது என் கை வேலை. நீ செத்தாலும் இது சாகாது" என்று பெருமை அடித்துக்கொண்டார். ஆறு வருஷம் ஆனது. பல் நன்றாகத்தான் இருந்தது, ஈறு கெட்டுப்போனது. பல் ஆட ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் பிடுங்கினார். பிடுங்கிய பல்லை இடுக்கியிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாத்தியா, ஈறுதான் துரோகம் பண்ணிடுச்சு. என் அடைப்பு கல்லு மாதிரி நிக்குது" என்றார். பல் போன துக்கம் அக்காவுக்கு. அடைப்பு நின்ற சந்தோஷம் அவருக்கு.

அக்கா அந்தப் பல்லை எறியவில்லை. பல்செட் செய்கிற அறையிலிருந்து அச்சு வார்க்கிற வெள்ளை மாவு கொஞ்சம் வாங்கிக் குழைத்து, ஒரு மருந்துப் பாட்டில் மூடியில் ஊற்றி, அதில் பல்லை நட்டுவைத்தாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் எக்ஸ்ரே அந்தப் பல்லுக்குத்தான். படம் போன வாரம் மாதிரியே வந்தால் மருந்துத் தண்ணீர் சரி, இயந்திரம் சரி. கொஞ்சம் மங்கினாலும் மருந்தை மாற்றிவிடுவாள். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகும் விடவில்லை. ஃபிலிமுக்குப் பதில் சென்சார், இருட்டறைக்குப் பதில் கம்ப்யூட்டர், ஆனால் திங்கட்கிழமை காலை அதே பல்தான். பதினாலு வருஷமாக. யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. யாரும் கண்டுகொள்ளவும் இல்லை.

சரி, கிளி மானிட்டருக்கு வருவோம்.

ஆறும் வந்து இறங்கின. ஐந்து நாற்காலிகளுக்குப் பக்கத்தில் ஐந்து, பெரிய டாக்டரின் அறையில் ஒன்று. கட்டில் தலைமாடு அளவுக்கு இருந்தது ஒவ்வொன்றும். அக்காவின் அறைக்குப் பழைய மானிட்டரே போதும் என்று விட்டுவிட்டார்கள். "உள்ள யாருக்கா பாக்கப்போறாங்க?" என்றான் மேனேஜர். சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு ஏகப்பட்ட குஷி. தன் பல் தனக்கே பலாக்காய் அளவுக்குத் தெரிகிறதே! பெரிய டாக்டருக்கும் குஷி. "எவ்வளவு தெளிவா இருக்கு பாத்தியா!" என்று மச்சான் முதுகில் தட்டினார்.

ஒரு வாரம் போயிருக்காது. புதிதாக ஒரு பேச்சு கிளம்பியது. பழைய அடைப்பு போட்ட பல்லில் எல்லாம், அடைப்புக்கு அடியில் கறுப்பாக ஒரு பட்டை தெரிகிறது. அடைப்பு உலோகம், அது எக்ஸ்ரேயில் வெள்ளை. பல் சாம்பல். சொத்தை விழுந்து பல் கரைந்திருந்தால் அந்த இடம் கறுப்பு. ஆக, அடைப்புக்கு அடியில் கறுப்பு என்றால் உள்ளே மறுபடியும் சொத்தை என்று அர்த்தம். அடைப்பைப் பிரித்துத் தோண்டிச் சுத்தம் செய்து மறுபடி அடைக்க வேண்டும். இன்றைக்கு ரெண்டு பேருக்கு, நாளைக்கு மூணு பேருக்கு. ஊரில் உள்ள அடைப்பெல்லாம் பேசிவைத்துக்கொண்டு ஒரே மாசத்தில் அழுகுமா? அழுகியதாம்.

ஒருநாள் பெரிய டாக்டர் அக்காவைக் கூப்பிட்டார். "முன்னெல்லாம் நீதானே முதல்ல சொல்லுவ? இவ்ளோ பெரிய கறுப்பு எப்படி உன் கண்ணுல படல?" என்று கேட்டார். பக்கத்தில் சின்ன டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தாள். படிப்பு முடித்து வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவள் முன்னால் கேட்டதில் அக்காவுக்கு முகம் செத்துப்போனது.

அக்கா தன் அறைக்குப் போய் அதே படத்தைத் தன் பழைய மானிட்டரில் திறந்து பார்த்தாள். கறுப்பு எதுவும் இல்லை. இன்னொரு தடவை பார்த்தாள். ம்ஹூம். அப்போது அவளுக்கு என்ன தோன்றியது தெரியுமா? பாழாய்ப்போன மானிட்டர் தப்பாய் இருக்குமோ என்று தோன்றவில்லை. தன் கண் போய்விட்டது என்று தோன்றியது! மறுநாள் பாதி நாள் லீவு போட்டுவிட்டுக் கண் டாக்டரிடம் போய் நின்றாள். அவர் பார்த்துவிட்டு, இருக்கிற கண்ணாடியே போதும்மா என்றார். இவள் விடவில்லை, கெஞ்சிக் கூத்தாடி ஒரு புதுக் கண்ணாடி எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு வருஷம் பார்த்த கண்ணை நம்பாமல், ரெண்டு வாரம் முன்னால் வந்த பெட்டியை நம்பினாள். இந்தக் கோபம் பிற்பாடு அவளுக்கு அடங்கவே இல்லை. அவர்கள் மேல் இருந்ததைவிடத் தன் மேல்தான் அதிகம்.

இந்த நேரத்தில்தான் தபால்காரர் வந்தார்.

அந்த வட்டாரத்துக்கே தபால் கொடுக்கிறவர், ஐம்பது தாண்டியவர், சைக்கிள் மிதித்து மிதித்து ஒல்லியானவர். ஆஸ்பத்திரிக்குத் தினமும் கடிதம் கொண்டுவருவார், ஆனால் வாசலைத் தாண்ட மாட்டார். துளை போடுகிற மிஷின் சத்தம் கேட்டாலே கால் பின்னிக்கொள்ளும். எத்தனையோ வருஷம் கழித்து, வீட்டில் சொன்னார்களே என்று பல் சுத்தம் செய்ய வந்தார். சுத்தம் செய்ய. அவ்வளவுதான். வலி இல்லை, கூச்சம் இல்லை, ஒன்றும் இல்லை. வந்ததுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றார்கள். பழைய அடைப்பு நாலு இருந்தது. கிளித் திரையில் போட்டார்கள். நாலுக்கு அடியிலும் கறுப்பு.

முதல் பல்லைச் சின்ன டாக்டரம்மா பிரித்தாள். உள்ளே கெட்டியாக இருந்தது. தோண்டிப் பார்த்தாள், சொத்தைக்கான மெத்தென்ற இடமே அகப்படவில்லை. பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவர், "ஆரம்பக் கட்டம். நல்லவேளை, சீக்கிரம் பிடிச்சோம்" என்றார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அடைத்துவிட்டாள். ரெண்டாவது பல்லைப் பெரிய டாக்டரே பிரித்தார். அது ஆழமான அடைப்பு. கறுப்பைத் தேடிக் கீழே போனார், இன்னும் கீழே போனார், நரம்பைத் தொட்டுவிட்டார். மூணாம் நாள் தபால்காரர் வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றார். வேர் சிகிச்சை. அதற்கு அஞ்சு எக்ஸ்ரே.

அக்காதான் எடுத்தாள். சென்சாரை வாயில் வைக்கும்போது அவர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, நான் வலியே இல்லாமத்தாம்மா வந்தேன்" என்றார்.

"சீக்கிரம் பிடிச்சது நல்லதுண்ணே. விட்டிருந்தா பெருசாயிருக்கும்" என்றாள் அக்கா.

சொன்னாள். அவள் வாயால் சொன்னாள். பெரிய டாக்டர் சொன்னதை அப்படியே வாங்கி அவரிடம் திருப்பிச் சொன்னாள்.

மிச்சம் ரெண்டு பல். அடுத்த வாரம் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஒன்றைப் பிரிப்பதாக ஏற்பாடு. அதுவும் ஆழமான அடைப்புதான்.

திங்கட்கிழமை காலை அக்கா தன் அறையைத் திறந்தால், மேஜையில் அவளுடைய பழைய மானிட்டர் இல்லை. அந்த இடத்தில் ஒரு கிளி மானிட்டர் உட்கார்ந்திருந்தது. எல்லா அறையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஏழாவதாக ஒன்று வாங்கி வந்து மாற்றிவிட்டுப் போயிருந்தான் மேனேஜர். அக்காவுக்குச் சுருக்கென்றது, ஆனால் வேலை நிற்க முடியுமா? எப்போதும்போல டிராயரைத் திறந்து, டப்பாவிலிருந்து திங்கட்கிழமைப் பல்லை எடுத்து, சென்சார் மேல் வைத்து, படம் எடுத்தாள்.

திரையில் பார்த்தாள். அடைப்புக்கு அடியில் கறுப்பாக ஒரு பட்டை.

முதலில் அவளுக்குப் பயம்தான் வந்தது. சென்சார் கெட்டுவிட்டதோ என்று மறுபடி எடுத்தாள். அதே கறுப்பு. போன திங்கட்கிழமைப் படத்தைத் திறந்தாள். போன வாரம் பழைய மானிட்டரில் சுத்தமாக இருந்த படம், இப்போது அதிலும் கறுப்பு! போன வருஷத்துப் படம், அதற்கு முந்தின வருஷத்துப் படம், எல்லாவற்றிலும் கறுப்பு. அக்கா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து போய், சாமான் அறையில் துடைப்பக் கட்டைக்குப் பின்னால் கிடந்த தன் பழைய மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தூசியை முந்தானையால் துடைத்தாள். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படத்தைப் போட்டாள். இதில் கறுப்பு. அதில் ஒன்றுமே இல்லை.

"பாவிப் பசங்களா" என்று வாய்விட்டே சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் புருஷனிடம் கொட்டினாள். அவர் தையல்காரர். முன்னறையிலேயே மிஷின் போட்டிருக்கிறார். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, "பைப்பிங் வச்சிருக்கான்" என்றார்.

"என்னங்க?"

"வெள்ளைத் துணி எடுப்பாத் தெரியணும்னா என்ன பண்ணுவேன்? ஓரத்துல கறுப்புல பைப்பிங் வச்சுத் தைப்பேன். கிளி இறகு தனித்தனியாத் தெரிஞ்சுதுன்னான்ல? அந்தப் பொட்டி ஒவ்வொரு ஓரத்துலயும் கறுப்புக் கோடு போட்டுக் காட்டுது. கிளிக்கு அழகு. உன் பல்லுக்கு?"

அக்காவுக்குத் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றியது போல் இருந்தது. அடைப்பு வெள்ளை. வெள்ளையின் ஓரத்தில் பெட்டி தானாகவே ஒரு கறுப்புக் கோடு இழுக்கிறது. எடுப்பாகத் தெரிவதற்காக! அந்தக் கோட்டைச் சொத்தை என்று நினைத்து இத்தனை பேர் வாயைத் தோண்டியிருக்கிறார்கள். "அட கடவுளே, அந்த மனுஷன் நரம்பு போச்சேங்க" என்று அழுதுவிட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். மேனேஜரும் இருந்தான். மானிட்டர் பொய்யாகக் காட்டுகிறது என்று முழுசாய்ச் சொல்லி முடிப்பதற்குள், "செட்டிங்ஸ்தானேக்கா, மாத்திக்கலாம்" என்று ரிமோட்டை எடுத்தான் அவன். மாற்றினான். கோடு கொஞ்சம் மெலிந்தது, போகவில்லை. மத்தியானம் கரண்ட் போய் வந்தது. பெட்டி பழையபடி கிளிக் கோலத்துக்கே திரும்பிவிட்டது. அக்கா மறுபடி போனாள். "ஒரே ஒரு நிமிஷம் என் ரூமுக்கு வந்து பாருங்க டாக்டர். ரெண்டையும் பக்கத்துல வச்சிருக்கேன்."

பெரிய டாக்டர் கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உனக்குப் புதுசுன்னாலே ஆகாது. ஃபிலிமை நிறுத்தினப்பவும் இப்படித்தான் அழுத" என்றார்.

அபாண்டம்! ஃபிலிமை நிறுத்தியபோது அந்த ஆஸ்பத்திரியிலேயே முதலில் டிஜிட்டல் கற்றுக்கொண்டவள் அவள். பெரிய டாக்டருக்கே மவுஸைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

"படத்தை ஒழுங்கா எடு, அது போதும். எதைப் பார்க்கணும், எப்படிப் பார்க்கணும்னு எங்களுக்குத் தெரியும்" என்றார் டாக்டர். மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். அக்கா வெளியே வந்தாள்.

புதன்கிழமை முழுக்க அவள் ரெண்டு மானிட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். என்னவோ ஏதோ என்று டோக்கன் எழுதுகிற பெண் ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்குத் தபால்காரர் வந்துவிட்டார். சின்ன டாக்டரம்மாவின் நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டு கட்டி, கருவிகளை எல்லாம் தட்டில் பரப்பிவிட்டார்கள். மரத்துப்போகிற ஊசி போடுவதுதான் பாக்கி. "பெரிய டாக்டர் வந்து போடுவாரு" என்றாள் சின்ன டாக்டரம்மா. அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அந்த அறையைத் தாண்டிப் போகும்போது பார்த்தாள். அவ்வளவுதான், இனிமேல் பொறுக்க முடியாது என்று ஆகிவிட்டது.

தன் அறைக்குப் போனாள். திங்கட்கிழமைப் படத்தில் பல்லின் மேல்பாதியை மட்டும் வெட்டி, பேர் எதுவும் போடாமல், பெரிய டாக்டரின் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். பிறகு அவர் அறைக்குப் போய் மரியாதையாக வாசலில் நின்றாள்.

"டாக்டர், போறதுக்கு முன்னாடி ஒரு படம் பாத்துச் சொல்லிடுறீங்களா? எனக்கு ஒண்ணும் புரியல."

புரியவில்லை என்று அவள் வந்து நின்றது அவருக்குப் பிடித்திருந்தது. "காட்டு" என்று திரை பக்கம் திரும்பினார். கண்ணாடியை மூக்கில் இறக்கி ஒரு பார்வை பார்த்தார். "இதுல என்ன புரியல? பளிச்சுனு தெரியுதே. அடைப்புக்கு அடியில முழுக்கச் சொத்தை. ஆழமா வேற போயிருக்கு. பிரிச்சுட வேண்டியதுதான்."

"நல்லாப் பாத்துட்டீங்களா டாக்டர்?"

"இதுக்கு மேல என்ன பாக்கணும்? யாரு அடைச்சதோ தெரியல, அரைகுறை வேலை. யாரு பேஷண்ட்?"

"நான்தான்."

"நீயா? வந்து உக்காரு. வாயைத் திற."

"வாய்ல இல்ல டாக்டர்" என்று அக்கா கையைத் திறந்தாள். வெள்ளை மாவுக் கட்டியில் நட்ட பல்லை அவர் மேஜையில், போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். "கையில இருக்கு. நீங்க அடைச்சது. நீங்களே பிடுங்கினது. பதினாலு வருஷமா என் டிராயர்ல, டப்பாக்குள்ள கிடக்கு. நான் செத்தாலும் சாகாதுன்னு சொன்னீங்களே, அந்த அடைப்பு. இதுக்குச் சொத்தை வந்திருக்காம்! டப்பாக்குள்ள இருந்துகிட்டு எந்த மிட்டாயைத் தின்னுச்சு இது?"

பெரிய டாக்டர் பல்லைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பல்லைக் கையில் எடுத்துத் திருப்பினார். தன் கை வேலை தனக்குத் தெரியாதா? முகம் வெளுத்துப்போனது.

அக்கா நிற்கவில்லை. நடைபாதையில் தயாராக விட்டிருந்த தள்ளுவண்டியை உள்ளே இழுத்தாள். அதில் அவளுடைய பழைய மானிட்டர். ஒயரை மாற்றிச் சொருகினாள். அதே படம் அதில் வந்தது. வெள்ளை அடைப்பு, அதற்குக் கீழே பதமான சாம்பல், துளிக் கறுப்பு கிடையாது. அதற்குள் டாக்டரை அழைத்துப்போக வந்த சின்ன டாக்டரம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். சத்தத்துக்கு மேனேஜரும் வந்துவிட்டான்.

"தபால்காரருக்குப் பிரிச்ச அன்னிக்கே உள்ள கல்லு மாதிரிதான் இருந்துச்சு டாக்டர்" என்றாள் சின்ன டாக்டரம்மா. "நான்தான் சொல்லல."

"கம்பெனிக்காரன்கிட்ட பேசிடலாம், மாத்திக் குடுப்பான்" என்றான் மேனேஜர்.

"நீ வாயை மூடு" என்றார் பெரிய டாக்டர். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் அக்கா காதால் கேட்ட நல்ல வார்த்தைகளில் அது ஒன்று.

டாக்டர் எழுந்தார். கோட்டைச் சரி செய்துகொண்டார். நேராகத் தபால்காரர் இருந்த அறைக்குப் போனார். பின்னாலேயே சின்ன டாக்டரம்மா, அவளுக்குப் பின்னால் அக்கா. சொல்லிவிடுவார் என்று அக்கா நினைத்தாள். அந்தக் காலத்துப் பெரிய டாக்டர் வந்துவிட்டார் என்றே நினைத்தாள்.

"இன்னிக்கு ஒண்ணும் வேண்டாம். மறுபடியும் பாத்தோம். அந்த ரெண்டு பல்லும் நல்லாவே இருக்கு. நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டர்.

தபால்காரருக்கு நம்ப முடியவில்லை. "நெஜமாவா டாக்டர்? மிஷின் போட வேண்டாமா?"

"வேண்டாம்."

அவர் துண்டை உருவிப் போட்டுவிட்டு நாற்காலியிலிருந்து கிட்டத்தட்டக் குதித்தே இறங்கினார். டாக்டரின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. "நீங்க நல்லா இருக்கணும் டாக்டர். மொதல்லயே அந்த ரெண்டைப் பாத்து நிறுத்தினீங்க பாருங்க, அதுனாலதான் மத்த ரெண்டும் தப்பிச்சுது. இல்லைன்னா வாய் முழுக்கப் போயிருக்கும். உங்களை மறக்கவே மாட்டேன்."

டாக்டர், "பரவால்ல, பரவால்ல" என்றார். கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. நன்றியை வாங்கிக்கொண்டார்! வாங்கி மென்று விழுங்கிக்கொண்டு நின்றார்.

சின்ன டாக்டரம்மா தட்டில் இருந்த கருவிகளை அடுக்க ஆரம்பித்தாள். தபால்காரர் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகிற போக்கில் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். ஒரு பக்கம் மட்டும்தான் சிரிக்க முடிந்தது. வேர் சிகிச்சை செய்த பக்கம் இன்னும் லேசாக வீங்கியிருந்தது. "நீ அன்னிக்குச் சொன்னது சரிதான் தங்கச்சி. சீக்கிரம் பிடிச்சது நல்லதாப் போச்சு" என்றார்.

பெரிய டாக்டர் அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார்.

"அண்ணே, நில்லுங்க" என்றாள் அக்கா. "அவருக்கு நன்றி சொல்லாதீங்க. எனக்கும் சொல்லாதீங்க. இந்த ரெண்டு பல்லுல மட்டும் இல்ல, பிரிச்சோமே அந்த ரெண்டு பல்லு, அதுலயும் ஒண்ணுமே இல்ல. உங்க வாயில சொத்தையே கிடையாது. டிவிப் பொட்டி காட்டின கோட்டைப் பாத்துத் தோண்டிட்டோம்."

தபால்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தரையைப் பார்த்தார். தபால்காரரின் கை மெதுவாகப் போய் அந்த வீங்கின கன்னத்தைத் தொட்டது.

"அப்ப இந்த வலி?"

"அது நாங்க குடுத்ததுண்ணே" என்றாள் அக்கா.